முழங்கால் அளவு வெள்ளம்

நூலக மாடியில் எங்கள் எழுத்தாளர் கூட்டம் நடக்கிறது. இந்த மாதத் தலைப்பு மழைக்காலம். தன் கதையைத் தானே வாசிக்கக் கூடாது என்பது இங்கே வழக்கம். பெட்டிக்குள் பெயரில்லாமல் போட்டதை, எடுத்தவர் வாசிக்க வேண்டும். நான் எடுத்த தாளில் இருப்பது தம்பியின் கையெழுத்து. ஒன்பது வருடமாக என்னோடு பேசாத அவன், கடைசி வரிசையில் குடை நுனியால் தரையைத் தட்டிக்கொண்டிருக்கிறான். ஜன்னல் கம்பியில் துளிகள் ஒன்றையொன்று முந்துகின்றன. தாளில், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வெள்ளத்தில் அண்ணன் தம்பியைத் தோளில் தூக்கி வந்த கதை. பாதி வாசிப்பதற்குள் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறேன். இந்த வயதில் கண் கலங்கினால் பார்க்கச் சகிக்காது என்று, தாளில் இல்லாத முதலை ஒன்றை வெள்ளத்தில் விடுகிறேன். அண்ணன் அதன் வாலைப் பிடித்தே கரை சேர்கிறான். "முதலைக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்ததே இந்தப் பெருசுதான்" என்கிறார் முன்வரிசைத் தையல்காரர். கூட்டம் சிரிக்கிறது. குடைச் சத்தம் நிற்கிறது. "முதலையெல்லாம் கிடையாது அண்ணா. தண்ணி முழங்கால் அளவுதான்" என்கிறது தம்பியின் குரல். குண்டூசி விழுந்தாலும் கேட்கிற காது எனக்கு. ஆனாலும் காதருகே கையைக் குவித்து, "என்னடா சொன்னே? சரியாக் கேக்கல" என்கிறேன்.