ஆறாவது கோடு

நகானோ மலைச்சரிவில் நான்கு மணி நேர சைக்கிள் பந்தயம். காய்ச்சல் முப்பத்தொன்பது டிகிரியைத் தொட்டதும் மூன்றாவது சுற்றோடு இறங்கி, மருத்துவக் கூடாரத்தில் படுத்துவிட்டேன். ஒன்றரை மணி நேரம் கழித்து எழுந்து வந்தால், சுற்று எண்ணும் ஒகாபேயின் தாளில் என் பெயருக்கு நேரே, ‘சரி’ என்று பொருள்படும் ஐந்து கோட்டு ஜப்பானிய எழுத்து முழுசாக நின்றது. சுற்றுக்கு ஒரு கோடு. ஐந்து கோடு விழுந்தால்தான் அந்த எழுத்து முடியும்.

“ஒகாபே சார், ரெண்டு கோட்டை அழிங்க! ஏமாத்துக்காரின்னு கிளப்புல இருந்து என்னைத் தூக்கிடுவாங்க!”

அவருக்குச் சுருக்கென்றது. “இருபது வருஷமா கோடு போடுறேன். அஞ்சு தடவை என் மூக்குக்கு முன்னாடி போனே. ‘விடாதே, சயோ’ன்னு கத்தினேன், தலையாட்டினியேம்மா!”

“கூடாரத்துல கிடந்தவ எப்படித் தலையாட்டுவேன்? முதல்ல கண்ணாடியை மாத்துங்க! என் சைக்கிள் கூடார வாசல்லதான் நிக்குது. வந்து பாருங்க, சேறு காஞ்சு போயிருக்கும்!”

தாளோடு அவர் கையைப் பிடித்து இழுத்துப் போனேன். சைக்கிள் இல்லை. புதுச் சக்கரத் தடம் பந்தயப் பாதைக்குப் போயிருந்தது.

நெற்றியைத் தொட்டேன். ஜில்லென்றிருந்தது.

ஒகாபே என் தோளுக்குப் பின்னால், பாதையில் நெருங்கி வந்த சைக்கிளைப் பார்த்தார்.

“அடப்பாவமே, காய்ச்சல்ல முகம் எப்படிச் செவந்திருக்கு” என்று முணுமுணுத்தபடி, என் பெயருக்கு நேரே அடுத்த எழுத்தின் முதல் கோட்டை இழுத்தார்.