ஆணி சார்

"நீங்களே ஒண்ணு போட்டுக் காட்டுங்க, ஆணி சார்" என்று தூண்டில் கடைக்காரர் நூலை என் கையில் திணித்தார்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதில்லை. கையையும் சேர்த்துக் கொடுத்தது இதுதான் முதல் தடவை.

எல்லாம் அந்தப் பல் டாக்டரம்மாவால் வந்தது. இறகில் செய்த பூச்சியை வீசி மீன் பிடிக்கும் ஆசை அவருக்குப் புதிதாக வந்திருக்கிறது. தடித்த வீசுநூலின் நுனியில், லீடர் என்கிற மெல்லிய நைலான் நரம்பை எப்படி இணைப்பது என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் இரண்டு வழி சொன்னார். வளையத்தோடு வருகிற லீடரை வாங்கி, நூலின் வளையத்தில் கோத்து இழுத்துவிடலாம், அரை நிமிட வேலை. இல்லையென்றால் ஆணி முடிச்சு போடலாம். ஒரு ஆணியைப் பக்கத்தில் வைத்து, நூலின் மேல் நரம்பை ஆறு சுற்றுச் சுற்றி, ஆணியை உருவிவிட்டு இறுக்குவது.

அவர் பாட்டுக்குச் சொல்லியிருப்பார், டாக்டரம்மா பாட்டுக்கு வாங்கிக்கொண்டு போயிருப்பார். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"வளையமெல்லாம் முடிச்சு போடத் தெரியாதவங்களுக்குங்க" என்றேன். கடை முழுக்கக் கேட்டது.

இந்தக் கடையில் எனக்கு ஆணி சார் என்று பெயர் வந்ததே அந்த முடிச்சால்தான். பதினோரு வருடமாக, நான் வரும்போதெல்லாம் கடைக்காரர் என் நூலை வாங்கி, முடிச்சை நகத்தால் நெருடிப் பார்ப்பார். "தட்டவே இல்ல சார், வெண்ணெய்!" என்பார். நானும் பெரிய மனதோடு தலையாட்டிக்கொள்வேன்.

இப்போது மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். ஆணிக்குப் பதில் ஒரு சின்னப் பித்தளைக் குழாயைக் கடைக்காரர் எடுத்து வைத்தார். சுவரில் கொக்கி கொக்கியாகச் சாமான் தொங்கும் பக்கமிருந்து என் மனைவி வந்து என் அருகில் நின்றாள்.

"அடடா, கண்ணாடிய வீட்ல வச்சிட்டேனே" என்றேன்.

கடைக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றி என் மூக்கில் மாட்டிவிட்டார். நல்ல மனிதர். படுபாவி.

குழாயையும் நூலையும் நரம்பையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்தேன். ஒரு சுற்று. இரண்டு சுற்று. மூன்றாவதைச் சுற்றும்போது முதலாவது அவிழ்ந்தது. மறுபடி தொடங்கினேன். குழாய் கைதவறித் தரையில் விழுந்து உருண்டது.

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். எனக்குக் காது மடல் இரண்டும் சுட்டன.

மனைவி குனிந்து குழாயை எடுத்தாள். "அவருக்குக் காலையிலேர்ந்து விரல் வலி. குடுங்க, நான் போடறேன்" என்றாள்.

கொடுத்தேன்.

அவள் சுற்றினாள். ஒவ்வொரு சுற்றையும் கட்டைவிரலால் அழுத்தி, நிறுத்தி, அடுத்ததற்குப் போனாள். ஆறு சுற்று. நுனியைக் குழாய்க்குள் விட்டு, குழாயை உருவி, முடிச்சை நாக்கில் ஈரமாக்கி இழுத்தாள். இறுக்கும்போது மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கடைக்காரர் நகத்தால் நெருடிப் பார்த்தார். "அப்படியே சாரோட முடிச்சு! வீட்டம்மாவுக்கும் கத்துக்குடுத்துட்டாரு பாருங்க!" என்று எல்லோருக்கும் காட்டினார்.

அவள் சிரித்தாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சொல்லவேண்டியவன் நான். ஊருக்கெல்லாம் பேசுகிற எனக்கு அப்போது பார்த்து வாயில் கொழுக்கட்டை. வழக்கம்போலத் தலையை ஆட்டினேன்.

பல் டாக்டரம்மா மட்டும் முடிச்சைப் பார்க்கவில்லை. என் மனைவியின் விரல் மூட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கண்ணாடியைத் துடைத்துக் கடைக்காரரிடம் கொடுப்பதில் மும்முரமானேன்.

காரில் ஏறியதும் மனைவி தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினாள். மூடியைத் திருகிக் கொடுத்தேன். நாலு மாதமாக வீட்டில் எல்லா மூடியையும் நான்தான் திறக்கிறேன். வலி எனக்கில்லை, அவளுக்கு.

பதினோரு வருடமாக என் நூலில் இருந்த ஒவ்வொரு முடிச்சும் சமையலறை மேஜையில் அவள் போட்டது.

இன்று காலையில்தான் முதல் தடவையாகக் கேட்டாள். விரல் மடங்க மாட்டேன் என்கிறது, இந்த முறை வளையம் வைத்ததையே வாங்கிக்கொள்ளலாமா என்று. அதற்கென்ன, வாங்கிக்கொள்வோம் என்றேன். அதை வாங்கத்தான் இருவரும் கடைக்கு வந்தோம்.

நான் டாக்டரம்மாவிடம் ஜம்பம் அடித்தபோது அந்தப் பாக்கெட் அவள் கையில் இருந்தது. கடை முழுக்கக் கேட்டது அவளுக்கும் கேட்டிருக்கும். அதைக் கொக்கியில் திரும்ப மாட்டிவிட்டுத்தான் என் பக்கத்தில் வந்து நின்றிருக்கிறாள்.

"கொஞ்சம் இரு, வந்துடறேன்" என்று கதவைத் திறந்தேன். வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கடையில் நேராகக் கொக்கிகள் பக்கம் போனேன். வளையம் போட்ட லீடர் மூன்று பாக்கெட் எடுத்து மேஜையில் வைத்தேன்.

கடைக்காரர் பாக்கெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது யாருக்கு, ஆணி சார்?"

உண்மையைச் சொல்லிவிடத்தான் போனேன். பாதி வந்தது.

"தெரிஞ்சவர் ஒருத்தருக்கு. அவருக்கு முடிச்சே போட வராது."

கடைக்காரர் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.