பகல்காரன்

"கட்டிலுக்கு எதுக்குப்பா ஓய்வு? ராத்திரி உனக்கு, பகல் இன்னொருத்தனுக்கு. ஏத்தின வாடகையில பாதி நீ கொடு, மீதியை அவன் கொடுப்பான்" என்றார் வீட்டுக்காரர்.

மாடியறை மாணவன் மனக்கணக்குப் போட்டான். தெருமுனையில் கல்லூரியின் புதுக் கட்டடம் எழுந்ததிலிருந்து வாடகை மூன்று முறை ஏறிவிட்டது. அவனுடைய வகுப்புத் தோழன் ஒருவன் மாடிப்படிக்கு அடியில் குடியிருந்தான். நிமிர்ந்து நிற்கவும் இயலாத அந்த இடத்துக்கே போன மாதம் வாடகையைக் கூட்டியிருந்தார்கள்.

இறுதியாண்டுத் தேர்வுக்கு இன்னும் நான்கு மாதம். வேறு போக்கிடம் இல்லை.

"சரி சார். பகல்ல வர்றது யாரு?"

"ராத்திரி வேலைக்குப் போறவனாம். என் வீட்டுக்காரியே பிடிச்சுக் கொடுத்தா. நீ மாட்டேன்னா உன்னைக் காலி பண்ணச் சொல்லியிருப்பேன்."

வீட்டுக்காரர் காலையில் மரக்கடைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். மாணவனுக்கோ பகல் முழுதும் கல்லூரி. ஆகவே பகல்காரனைக் கண்டவர் எவரும் இல்லை. ஆயினும், அவன் இல்லை என்று சொல்லவும் வழியில்லை. முதல் தேதியில் அவன் பங்கு தவறாமல் வந்தது. மாலைதோறும் படுக்கை விரிப்பு கசங்கிக் கிடந்தது.

ஒருநாள் தலையணையில் எண்ணெய்க் கறையைக் கண்ட மாணவன் சீட்டெழுதி வைத்தான்: 'தலைக்கு எண்ணெய் வைப்பவர் துணி விரித்துப் படுக்கவும்.'

மறுநாள் பதில் காத்திருந்தது: 'அப்படியே ஆகட்டும். நீ ஈரத் துண்டை மெத்தைமேல் போடாதே. நாறுகிறது.'

மாணவனுக்குச் சுருக்கென்றது. 'உம் வேலையைப் பாரும்' என்று எழுதினான்.

'பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நீதான் மூன்று நாளாகப் புத்தகத்தைத் திறக்கவில்லை.'

அவ்வளவுதான். நேரே வீட்டுக்காரரிடம் போய் நின்றான்.

"சார், அந்த ஆளோட ஒரே கட்டில்ல என்னால முடியாது."

"அவனையா குத்தம் சொல்றே? குழாயைத் திறக்கிறதில்லை, ஃபேன் போடுறதில்லை, படியில செருப்புச் சத்தம் கேட்டதில்லை. குடியிருந்தா அவனை மாதிரி இருக்கணும்!"

"நீங்க அவரைப் பார்த்திருக்கீங்களா?"

"கண்ணுலயே படமாட்டான்! அதான்யா அவன் பெருமை!"

வீட்டுக்காரர் கண்களை மூடித் தலையை அசைத்தார். கண்டறியாத ஒருவனை எண்ணி அப்படி உருகுவது பழுத்த அடியார்களுக்கே கைகூடும்.

கண்ணைத் திறந்தவர் சொன்னார்: "யோசிச்சுட்டேன். அடுத்த மாசத்துலேருந்து ராத்திரியையும் அவனுக்கே கொடுத்துடுறேன். நீ வேற இடம் பாரு தம்பி."

"அவருக்கு ராத்திரி வேலையாச்சே சார்! கட்டில் சும்மாதானே கிடக்கும்?"

"அதைவிட என்ன வேணும்? ஆள் இருக்கமாட்டான், வாடகை மட்டும் இருக்கும்!"

தன்னை இனிக் காக்கக்கூடியவன் பகல்காரன் ஒருவனே என்று மாணவன் தெளிந்தான். அவன் 'இரவு எனக்கு வேண்டாம்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்.

மறுநாள் மதிய வகுப்பை விட்டுவிட்டு ஓடிவந்தான். ஈரத் துண்டு முதல் சீட்டு வரை எல்லாவற்றுக்கும் மன்னிப்புக் கேட்பதை வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே படியேறினான். தூங்குகிறவர் திடுக்கிடக் கூடாதே என்று மெதுவாகக் கதவைத் தள்ளினான்.

கட்டிலில் ஆளில்லை. பள்ளிச் சீருடைச் சட்டைகள்தாம் குவிந்து கிடந்தன. அவற்றுக்கு நடுவே வீட்டுக்காரரின் மனைவி, கையில் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருந்தார்.

"அவர் எங்கேம்மா? போயிட்டாரா?"

"எவர்?"

"பகல்காரர்தான். காலைப் பிடிச்சாவது கேட்டுக்கணும்மா. சார் ராத்திரியையும் அவருக்கே கொடுக்கப் போறாராம். நான் எங்கே போவேன்?"

"வேண்டாம்னு சொல்லிடுவான்ப்பா. நீ கவலைப்படாதே."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் நேர்லயே பேசிக்கிறேன். எத்தனை மணிக்கு வருவார்?"

அம்மா பல்லால் நூலைக் கடித்து அறுத்தார். எட்டிப் படிக்கட்டைப் பார்த்தார்.

"கதவைச் சாத்து. அப்படி ஒருத்தன் கிடையவே கிடையாது தம்பி. நீ போய்ப் படி. அவனோட இந்த மாச வாடகைக்கு நான் இன்னும் நாற்பது சட்டைக்குப் பொத்தான் தைக்கணும்."