மட்டக்குதிரை குடித்த பெட்ரோல்

"டெல்மர் கை வெச்ச வண்டி இது. கிளம்பாது, எழுதி வெச்சுக்கோ" என்றார் ஹார்லன். சொல்லிவிட்டு, கிளம்பித் தொலைக்காதா என்ற ஏக்கத்தோடு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கொட்டகைக்கு வெளியே அவருடைய பிக்கப் வண்டியில், போர்வைக்குள் சுருண்டு உட்கார்ந்திருந்தாள் மனைவி வெர்னா. திங்களும் புதனும் டயாலிசிஸ் தவறிவிட்டது. இன்று வியாழன். கால் வீங்கி, நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்குகிறது. மைனாட் ஆஸ்பத்திரிக்குப் போகும் ரோட்டில் இடுப்பளவு பனி. பனியைத் தள்ளி வழிவிடும் ஊரின் புது கிரேடர் வண்டி நேற்றே பள்ளத்தில் கவிழ்ந்துவிட்டது. வெளியூரிலிருந்து வேறு வண்டி வர இரண்டு நாள் ஆகுமாம். மிச்சம், பதினோரு வருஷமாகத் தூங்கும் இந்தக் கிழட்டு டீசல் கிரேடர்தான்.

"யாரு டெல்மர்?" என்றாள் லவோன். பக்கத்துப் பண்ணைக்குக் குடிவந்து மூன்று வருஷம் ஆகிறது. அதற்குள் சுற்றுவட்டாரத்து டிராக்டர்களுக்கெல்லாம் அவள்தான் வைத்தியம்.

"இதோட பழைய டிரைவர். காலையில சூடு பண்றேன், சூடு பண்றேன்னு அரை மணி நேரம் சும்மா உக்காந்திருப்பான். ஊர்த் தலைவர்ங்கிற முறையில நான்தான் சீட்டைக் கிழிச்சேன். அன்னைக்குப் பழி வாங்கினான் பாரு. இறங்குடான்னா இறங்கல. மட்டக்குதிரையை ஓடவிட்டு, பெட்ரோல் தீர்ந்து அது தானா நிக்கிற வரைக்கும் மேலயே உக்காந்திருந்தான். ஊர்ப் பெட்ரோல்!"

மட்டக்குதிரை என்பது பெரிய டீசல் என்ஜினின் தோளில் தொற்றிக்கொண்டிருக்கும் குட்டிப் பெட்ரோல் என்ஜின். கயிறு சுற்றி இழுத்தால் அது ஓடும். அது ஓடினால்தான் பெரியவர் கண் விழிப்பார்.

"அதோட விட்டானா? அடுத்த வாரம் திருட்டுத்தனமா வந்து இதுக்குள்ள எதையோ ஊத்திக்கிட்டிருந்தான். கையும் களவுமா பிடிச்சுத் துரத்தினேன். மணலோ, சர்க்கரையோ, யார் கண்டது? அப்புறம் ஒருத்தனும் இதைத் தொடல."

"நீங்க திறந்து பாத்தீங்களா?"

"எதுக்குப் பாக்கணும்? அவனைத் தெரியாதா எனக்கு?"

லவோன் குட்டி என்ஜினின் புகைக்குழாய்மேல் கவிழ்த்திருந்த காபி டப்பாவை எடுத்து அவர் கையில் திணித்தாள். பிளக்கைக் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே பார்த்தாள். பார்த்தவள் நிமிரவே இல்லை.

"என்ன, துருவா?"

"நீங்களே வந்து பாருங்க."

சிலிண்டரின் சுவர், எண்ணெய் பூசிப் பளபளவென்றிருந்தது. கார்புரேட்டரைப் பிரித்தாள். பழைய பெட்ரோல் பிசினாகி அடைத்திருக்க வேண்டிய இடம், கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி சுத்தமாக இருந்தது.

"மணலும் இல்ல, சர்க்கரையும் இல்ல. எண்ணெய்தான் ஊத்தியிருக்கார்" என்றாள் லவோன். "அன்னைக்குப் பெட்ரோல் தீர்ற வரைக்கும் உக்காந்திருந்ததும் இதுக்குத்தான். உள்ள சொட்டு நின்னாலும் எல்லாத்தையும் அடைச்சிருக்கும்."

ஹார்லன் டப்பாவைக் கை மாற்றிக்கொண்டார். "முதல்ல ஓடட்டும். அப்புறம் பேசு."

புதுப் பெட்ரோல் ஊற்றி, கயிற்றைச் சுற்றி இழுத்தாள். ஒன்றுமில்லை. இன்னொரு இழுப்பு. ஒரு செருமல். மூன்றாவது இழுப்பில் படபடவென்று பிடித்துக்கொண்டது. நீலப் புகை கக்கியது, தகரக் கூரை அதிர்ந்தது, உத்தரத்துப் புறாக்கள் பறந்தன. பதினோரு வருஷத் தூக்கம் மூன்றே இழுப்பில் கலைந்துவிட்டது. அந்தக் குளிரில் ஹார்லன் தன்னையறியாமல் தொப்பியைக் கழற்றியிருந்தார்.

"டீசலையும் கிளப்பு, சீக்கிரம்!"

"பொறுங்க. ரெண்டு என்ஜினுக்கும் ஒரே தண்ணிதான். இதோட சூடு அதுக்கு ஏறணும். இந்தக் குளிருக்கு அரை மணி நேரமாவது ஆகும்."

அரை மணி நேரம். ஹார்லன் பெரிய என்ஜின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். முதலில் பனிக்கட்டி. பிறகு குளிர் விட்டது. பிறகு மெல்ல, மெல்ல, ஒரு கதகதப்பு. கையெடுக்க மனம் வரவில்லை. இத்தனை வருஷம் தலைவராக இருந்து, இதை ஒரு தடவைகூடத் தொட்டுப் பார்த்ததில்லை.

லவோன் நெம்புகோலைத் தள்ளினாள். பெரிய என்ஜின் முனகியது, புரண்டது, கரும்புகையை உமிழ்ந்துகொண்டு எழுந்தது. காலடியில் தரை நடுங்கியது. ஹார்லனின் கண்கள் நிறைந்துவிட்டன. புகைமேல் பழிபோட அவருக்குத் தோன்றவில்லை.

கையில் டப்பாவோடு பிக்கப்புக்கு ஓடினார்.

"வெர்னா, கிளம்பிடுச்சு! லவோன் முன்னால பனியைத் தள்ளிட்டுப் போவா, நாம பின்னாலயே போயிடலாம். டெல்மர் கெடுக்கல, வெர்னா, காப்பாத்தித்தான் வெச்சிருக்கான். பதினோரு வருஷத்துக்கு முன்னால ஊத்தின எண்ணெய், இன்னும் காயல பாரேன்!"

"பதினோரு வருஷமா?" வெர்னா மூச்சு வாங்கினாள். "அது போன அக்டோபர்ல ஊத்தினது."

ஹார்லன் விழித்தார். அவர் கையில் இருந்ததை அவள் கண்ணால் காட்டினாள்.

"நம்ம வீட்டு டப்பாதான் அது. வருஷா வருஷம் பனிக்கு முன்னால வந்து, குழாயை மூடின பழசு துருப்பிடிச்சிருக்கும்னு காலி டப்பா ஒண்ணு கேட்டு வாங்கிட்டுப் போவான்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லாதேன்னான். தெரிஞ்சா நீ கொட்டகைக்குப் பூட்டுப் போட்டுடுவியாம்."