கூட்டத்துக்கு ஒரு ‘புரியல’

“மன்னிக்கணும் மேடம், புரியல. இன்னொரு தடவை சொல்றீங்களா?”

மறுபடியும் கையைத் தூக்கிவிட்டான் அவன். தலைவருக்கு மானம் கப்பலேறியது.

தலைவர் என்றதும் கட்சித் தலைவர் என்று நினைத்துவிட வேண்டாம். எட்டு வருஷமாகக் கம்ப்யூட்டர் முன்னால் குனிந்த தலை நிமிராமல் கோட் எழுதிக்கொண்டிருந்தவரைப் போன மாதம்தான் டீமை வழிநடத்தும் டெக் லீட் ஆக்கினார்கள். அன்றிலிருந்து டீமே அவரைத் ‘தலைவர்’ என்று கூப்பிட்டுக் கிண்டல் செய்கிறது.

கை தூக்கியவன் அவரோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன். அன்று முதல் பக்கத்து சீட். வாடா போடா சிநேகிதம். இப்போது அவனுக்கும் ஒரு பட்டப்பெயர் வந்துவிட்டது. ‘புரியல.’

மேலிடத்துக் கூட்டம் எப்போதும் ஒரே மாதிரிதான் நடக்கும். சாப்ட்வேரை வடிவமைக்கும் ஆர்க்கிடெக்ட் மேடம் போர்டில் கட்டம் கட்டமாகப் போட்டு, அம்புக்குறி இழுத்து விளக்குவார். மேனேஜர் தலையாட்டுவார். தலைவரும் பேனா மூடியை வாயில் வைத்தபடி, எல்லாவற்றையும் கரைத்துக் குடித்தவர் போலத் தலையாட்டுவார். அந்த நேரம் பார்த்துத்தான் இவன் கையைத் தூக்குவான்.

வீட்டில் மனைவியிடம் புலம்பினார்.

“பதவி உங்களுக்குக் கிடைச்சிருச்சேன்னு வயித்தெரிச்சலா இருக்குமோ என்னவோ!” என்றாள் அவள். “இல்லேன்னா, அவ்வளவு வேலை தெரிஞ்ச மனுஷன் எதுக்குங்க திரும்பத் திரும்பப் புரியல புரியலன்னு கேக்கணும்?”

நியாயமான கேள்விதான். மறுநாள் காலை காபி மெஷின் பக்கத்தில் அவனை மடக்கினார் தலைவர்.

“டேய், உனக்குப் புரியலன்னா வெளிய வந்து என்கிட்ட கேளு. பெரிய ஆளுங்க முன்னாடி எதுக்கு என் மானத்தை வாங்குற?”

“சரிடா.”

“இனிமே நீ அந்தக் கூட்டத்துக்கே வர வேண்டாம். நான் பாத்துக்கறேன்.”

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு காபியை ஊதிக்கொண்டே, “சரிடா. பாத்துக்கோ” என்று போய்விட்டான். விட்டது சனியன் என்றிருந்தது தலைவருக்கு.

அடுத்த கூட்டம் லேசுப்பட்டதல்ல. பஸ் டிக்கெட் விற்கும் பழைய சாப்ட்வேரை நிறுத்திவிட்டுப் புதியதற்கு மாற வேண்டும். மேடம் போர்டு நிறையக் கட்டம் போட்டார்.

“அப்ப வர்ற ஞாயித்துக்கிழமையே மாத்திடலாம்” என்ற மேனேஜர் தலைவரிடம் திரும்பினார். “என்ன, உங்க டீம் ரெடியா?”

தலைவருக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. சரி என்று சொல்லிவிட்டால் பொறுப்பு அவர் தலையில். தப்பாகிப்போனால் ஒரு பயணிக்கும் டிக்கெட் கிடைக்காது. வந்து ஒரு மாதம்கூட நிலைக்காத பதவி என்று நாலு பேர் சிரிப்பார்கள். பேனா மூடி பல்லுக்கு நடுவில் படாதபாடு பட்டது.

பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். காலி. இத்தனை நாளும் அந்த நாற்காலி ‘புரியல’ என்ற பிறகுதான் தனக்கும் புரிந்திருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“மன்னிக்கணும் மேடம்...” மெல்லக் கையைத் தூக்கினார். “எனக்குப் புரியல. இன்னொரு தடவை சொல்றீங்களா?”

சொல்லிவிட்டு, தலையில் இடி விழப்போகிறது என்று கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

ஒன்றும் விழவில்லை. மேடம் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். பாதியில் அவர் கை அப்படியே நின்றது.

“ஒரு நிமிஷம்... புதுசு நடுவுல நின்னுட்டா, அதுவரைக்கும் வித்த டிக்கெட் எங்கேயுமே இருக்காதே! இதை எப்படி விட்டேன்?”

“நல்லவேளை கேட்டீங்க!” மேனேஜர் பெருமூச்சு விட்டார். “எனக்கும் பாதிக்கு மேல புரியல. எப்படிக் கேக்கறதுன்னுதான் உக்காந்திருந்தேன்.”

அரை மணி நேரம் யோசித்து மேடம் ஒரு வழி கண்டுபிடித்தார். ஞாயிற்றுக்கிழமை தள்ளிப்போனது. தலைவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் யாரும் நாற்காலியைப் பிடுங்குவதில்லை. இவ்வளவுதானா? இதற்கா ஒரு மாதமாகப் பயந்து செத்துக்கொண்டிருந்தோம்?

நேராக அவன் சீட்டுக்கு ஓடினார்.

“டேய், இன்னிக்கு நானே கேட்டுட்டேன்டா, புரியலன்னு!”

“நிஜமாவா? அப்பாடா!” அவன் முகத்தில் தலைவரைவிடப் பெரிய நிம்மதி.

நடந்ததைச் சொன்னார். புதியது நடுவில் நின்றால் என்ன ஆகும் என்ற இடம் வந்ததும், அவன் ஸ்க்ரீனிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை.

“கொஞ்ச நாள் பழசையும் புதுசையும் சேர்த்தே ஓட விட்டாப் போச்சு. ஒண்ணு நின்னா இன்னொண்ணு தாங்கிக்கும்.”

தலைவர் வாயைப் பிளந்தார். மேடம் அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்த அதே வழி!

“அடப்பாவி! உனக்கு எல்லாம் புரியுது. அப்புறம் எதுக்குடா கூட்டத்துக்குக் கூட்டம் புரியலன்னு கையைத் தூக்கின?”

அவன் சிரித்தபடி தலைவரின் சட்டைப்பையிலிருந்த பேனாவை உருவினான். மூடி முழுக்கப் பல் தடம்.

“எட்டு வருஷமா பக்கத்துலயே உக்காந்திருக்கேன், எனக்குத் தெரியாதா? நீ எப்ப இதைக் கடிக்க ஆரம்பிக்கறியோ, அப்பதான்டா நான் கையைத் தூக்குவேன்!”