ஒரு கவளம் தயிர்சாதம்

நிரஞ்சனின் இலைக்கு நேர் எதிர் இலையில் கிளாடிஸ் உட்கார்ந்தாள். அப்படித்தான் அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

மேற்கு மாம்பலத்தில் ஒரு கல்யாண மண்டபம். தாலி கட்டி முடிந்து மணமக்களோடு பந்தி. மாப்பிள்ளை நிரஞ்சனுக்கு நெற்றியெல்லாம் வியர்வை. புழுக்கம் என்று நினைத்து யாரோ மின்விசிறியை அவன் பக்கம் திருப்பிவிட்டார்கள்.

அது பயம் என்று கிளாடிஸுக்குத் தெரியும்.

அடையாறில் ஒரு குடல் நோய் மருத்துவமனையில் அவள் மனநல ஆலோசகர். மருந்து எழுதுவது மருத்துவர்கள். வெளியே போகவே பயந்து வீட்டுக்குள் சுருண்டுவிட்டவர்களோடு உட்கார்ந்து பேசுவது அவள்.

நிரஞ்சனுக்குப் பெருங்குடலில் ஆறாத புண். ஒருமுறை பேருந்தில் போகும்போது அடக்க முடியாமல் போய்விட்டது. அதன்பிறகு வீட்டுக்கு வெளியே அவன் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. நண்பர்களின் கல்யாணங்களில் கைகுலுக்கிய கையோடு ஓடிவந்துவிடுவான்.

கிளாடிஸ் அவனைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கொண்டுவந்தாள். முதலில் மருத்துவமனை கேன்டீனில் அரை இட்லி. பல மாதம் கழித்து மயிலாப்பூரில் ஒரு மெஸ், வாசலை ஒட்டிய மேசை.

இன்று மண்டபம் நிறைய ஆட்கள். போதாததற்கு வீடியோ.

மாப்பிள்ளைக்கு ஜாங்கிரி ஊட்டும்படி வீடியோக்காரர் சொன்னார். பந்தியே திரும்பிப் பார்த்தது.

மணப்பெண் ஜோதிலட்சுமி ஜாங்கிரியைத் தொடவில்லை. தயிர்சாதத்தில் கிடந்த மிளகாயைப் பொறுக்கி ஓரமாக வைத்தாள். சின்னதாக ஒரு கவளம் உருட்டி நீட்டினாள்.

அவன் கண்கள் வாசலுக்குப் போயின. பிறகு கிளாடிஸிடம் வந்தன. அவள் ஜாடை எதுவும் காட்டவில்லை. தன் இலையிலிருந்து ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டாள்.

அவன் வாயைத் திறந்தான்.

மென்றான். விழுங்கினான். பிறகு, இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று ஜோதிலட்சுமியைப் பார்த்துத் தலையாட்டினான்.

கிளாடிஸ் தன் இலையிலிருந்த ஜாங்கிரியை எடுத்துக் கடித்தாள்.

பக்கத்து இலையில் பெண்ணின் தாய்மாமன் வடிவேலு, பட்டினப்பாக்கத்துக்காரர்.

"லவ் மேரேஜாம்மா. எங்க பாத்துக்கினீங்கன்னு கேட்டா ரெண்டும் சிரிக்குதுங்க. ஆமா, நீங்க பொண்ணு வூடா, மாப்ள வூடா?"

இரண்டு பேருக்கும் வேண்டியவள் என்றாள் கிளாடிஸ். அதற்கு மேல் சொல்ல அவள் தொழிலில் இடமில்லை.

மருத்துவமனையில் அவள் அறைக்கு வெளியே இருப்பது ஒரே ஒரு கழிப்பறை. போன வருடம் ஒருநாள் நிரஞ்சன் தன் வியாதியைச் சொல்லி அதன் கதவை விடாமல் தட்டிக்கொண்டிருந்தான்.

"எனக்கும் அதே வியாதிதாங்க. கொஞ்சம் பொறுங்க" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தவள் ஜோதிலட்சுமி.