ஒரு சொல்லை மட்டும்

"மிஸ், 'தெரியாது'ங்கறதை எடுத்துட்டு 'தெரியும்'னு போடணும். அவ்வளவுதான். அதுக்குத்தான் இந்த வகுப்புலயே சேர்ந்தேன்."

மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். லிஃப்ட் மெக்கானிக் மட்டும் பென்டிரைவை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதக் கற்றுத்தரும் அந்த வகுப்பில் அவர்தான் வயதில் மூத்தவர். ஒரு வாக்கியத்தில் ஒரு சொல்லைத் தேடி எடுத்து, அந்த இடத்தில் வேறொன்றை வைப்பது எப்படி என்று அன்றைக்குத்தான் நடத்தியிருந்தாள் ஆசிரியை.

யாருடைய புரோகிராம் என்று கேட்டாள். மகள் எழுதியது என்றார். அவருக்குப் பிடிக்காத ஒருவனை நம்பி வீட்டைவிட்டுப் போனவள், கம்ப்யூட்டரில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தாள்: 'ஒரு தடவை ஓட்டிப் பாருங்கப்பா.' ஓட்டினார். 'யாரு?' என்று கேட்டது. 'அப்பா' என்று அடித்தார். 'உங்களை எனக்குத் தெரியாது' என்றது. திரும்பத் திரும்ப அடித்தார். அதே பதில்.

"மூணு வருஷமாச்சு. நானும் போன் பண்ணலை, அவளும் பண்ணலை. பெத்தவனையே தெரியாதுன்னுட்டா அப்புறம் என்ன பேச?" பென்டிரைவை அவளிடம் நீட்டினார். "இருந்தாலும், தெரியும்னு அது ஒரு தடவை சொல்லணும் மிஸ். நானே எழுதிக்கிட்டதா இருந்தாலும் பரவாயில்லை."

அவள் கோப்பைத் திறந்து படித்தாள். பாதியில் நிறுத்தி, மறுபடி மேலிருந்து படித்தாள். பிறகு, அன்றைக்கு அடித்த மாதிரியே அடிக்கச் சொன்னாள்.

அடித்தார். கடைசி எழுத்து விழுந்ததும் கட்டைவிரல் தானாகப் போய் நீளமான விசையைத் தட்டியது. 'உங்களை எனக்குத் தெரியாது.'

"பின்னாடி ஒரு இடைவெளி விட்டீங்க சார்."

"வெறும் இடம்தானே? போன்ல அடிச்சு அடிச்சு அப்படியே பழகிடுச்சு."

"நமக்குத்தான் வெறும் இடம். இதுக்கு அதுவும் ஒரு எழுத்து. உங்க பொண்ணு எழுதின அப்பா வேற, நீங்க அடிச்ச அப்பா வேற. ஓரத்துல இருக்கற இடைவெளியைக் கத்தரிக்க ஒரு வரி போட்டிருக்கணும். புதுசா கத்துக்கறவங்க மறக்கறதுதான்."

"கண்ணுக்குத் தெரியாத ஆள் ஏறி, லிஃப்ட் நகர மாட்டேன்னு நிக்கற மாதிரி" என்று அவர் சிரிக்கப் பார்த்தார்.

அவள் சிரிக்கவில்லை. விசைப்பலகையை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"எதையும் மாத்த வேணாம் சார். கட்டைவிரலை மடக்கி வச்சுக்கிட்டு அடிங்க."

அடித்தார். திரையில் வரி வரியாக வந்தது.

'காகிதத்துல எழுதினா கிழிச்சுடுவீங்க, அதான் இப்படி. பன்னிரண்டாம் தேதி பத்து மணிக்குப் பதிவு அலுவலக வாசல்ல நிப்பேன். நீங்க வராம நான் கையெழுத்துப் போட மாட்டேன்ப்பா. கோபம்னா நானா கூப்பிட்டுத் தொந்தரவு பண்ண மாட்டேன், ஆனா நீங்க கூப்பிடற வரைக்கும் என் போன் நம்பரை மாத்தவும் மாட்டேன்.'